தோளில் வைக்க வந்த கை

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நாகர்கோவிலில் ரயில் ஏறினேன். பையில் புதுப் பட்டுப்புடவை, இரண்டு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ். கொச்சிக்கே சிப்ஸ் கொண்டுபோகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் கொச்சி மட்டாஞ்சேரியில் என் தங்கை லில்லியின் மகள் ஆன்சிக்கு உறுதிபூசுதல். கைக்குழந்தையாகப் பெற்ற ஞானஸ்நானத்தை, வளர்ந்தபின் தன் வாயால் உறுதி செய்கிற சடங்கு. ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தாய், இதற்கும் நானே. ஆயர், அதாவது பிஷப், அவள் நெற்றியில் எண்ணெய் பூசும்போது பின்னால் நின்று வலக்கையை அவள் தோளில் வைக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காக ஏறத்தாழ இருநூற்றெண்பது கிலோமீட்டர். எங்கள் பங்குக் கோயிலில் பெண்களின் மாதா சபைக்குத் தலைவி நான். ஞாயிறு பூசையைத் தவறவிட்டதே இல்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

எர்ணாகுளத்தில் இறங்கி, படகுத்துறைக்கு ஆட்டோ அறுபது ரூபாய். மட்டாஞ்சேரி படகுக்கு ஆறு ரூபாய். வடக்கே வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. பக்கத்தில் இருந்த மிளகுக் கடைக்காரர் என் தமிழைக் கேட்டு, "நாகர்கோயிலா அக்கா? கல்யாணத்துக்கா?" என்றார்.

"அதைவிடப் பெரிய விசேஷம்" என்றேன்.

வீட்டில் விசேஷத்தின் களையே இல்லை. லில்லி கண்ணைத் துடைத்தபடி வந்தாள். "அக்கா, இவ வேண்டாம்னு சொல்லுதா. கோயில் அச்சன்கிட்ட நேரா போயி பறஞ்சிட்டா. அவரும், நிர்ப்பந்தம் இல்ல மோளே, அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டார். நாளைக்கு பிஷப் வருதாரு. ஆளுக என்ன நெனைப்பாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினாறு வயதுப் பெண்ணை உட்காரவைத்து, "நீ வேதபாடத்துல முதல் மார்க்குல்லா மக்களே?" என்று கேட்டேன்.

"பதிலெல்லாம் மனப்பாடம் பெரியம்மா. அதான் பயமா இருக்கு" என்றாள். "ராத்திரி ஜெபிக்கேன். யாரோ கேக்குற மாதிரி இருக்கும், சிலப்போ இருக்காது. நாளைக்கு பிஷப் 'விசுவசிக்குந்நுவோ', விசுவசிக்கிறியான்னு கேப்பாரு. எல்லாரோடயும் சேந்து ஆமான்னு சொன்னா அது கள்ளம். குழந்தையில எனக்காக நீங்க சொன்னீங்க. இனி நான்தானே சொல்லணும்?"

இத்தனை வருஷத்தில், கோயிலில் அந்தக் கேள்வியை என்னிடம்தான் கேட்கிறார்கள் என்று நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை.

ஞாயிறு காலை எட்டு மணி. "வீட்டிலேயே இரு" என்று லில்லி கெஞ்சியும் ஆன்சி கோயிலுக்கு வந்தாள். ஐந்தாவது பெஞ்சில் எனக்கும் லில்லிக்கும் நடுவே உட்கார்ந்தாள். வெள்ளையுடுத்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அவள் பெயர் வரவில்லை. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், லில்லி தலைகுனிந்தாள். ஆன்சி குனியவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

ஆயர் கேட்டார். பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். பட்டுப்புடவைக்காரியான நான் அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து, "விசுவசிக்கிறேன்" என்று தமிழில், மெல்லச் சொன்னேன். பழகிய சொல்தான், தனியாகச் சொல்வது இதுவே முதல்முறை.

எண்ணெய் பூசத் தொடங்கியதும், ஞானத்தாய்மார் கைகள் அங்கே பிள்ளைகளின் தோள்களுக்குப் போயின. என் கையும் ஐந்தாவது பெஞ்சில், ஆன்சியின் தோளுக்குப் போனது. திரும்பிப் பார்த்தவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று அங்கேயே வைத்திருந்தேன்.

பிற்பகல் மூன்று மணிப் படகுக்கு ஆன்சி வழியனுப்ப வந்தாள். "வருத்தமா பெரியம்மா? இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"அடுத்த வருஷமோ, பத்து வருஷம் கழிச்சோ, கூப்பிடு மக்களே, வாறேன்" என்றேன். "கூப்பிடலன்னாலும் வாறேன்."

எங்கள் பங்கில் வருஷாவருஷம் வகுப்போடு வரிசையாக நின்று உறுதிபூசுதல் பெறுகிறார்கள். நானும் அப்படிப் பெற்றவள்தான். புதன்கிழமை மாதா சபைக் கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள், மட்டாஞ்சேரியில் எப்படி நடந்தது என்று. நடக்கவில்லை என்பேன். ஏன் என்று கேட்பார்கள். என் ஞானமகள் கடவுளிடம் பொய் சொல்ல மாட்டாள் என்று, எழுந்து நின்றே சொல்வேன்.