இடாப்பில் பதினொரு வெற்று நாட்கள்

2024 ஒக்டோபர் 17, வியாழன். ஐந்தரைக்கு எழும்பித் தேநீர் குடித்தேன். ஆறரைக்குப் பள்ளிக்கூடக் கொதிகலனின் அழுத்தத்தைக் குறித்தேன்: 1.8. ஜெர்மனியின் ஆஹென் நகரில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் பராமரிப்பாளன். இலையுதிர்கால விடுமுறை, பிள்ளைகள் இல்லை. ஈரம் ஏறிய நிலவறையைக் காலி செய்வதுதான் அன்றைய வேலை. பழைய தாள்கள் எல்லாம் முற்றத்தில் நிற்கும் மூடிபோட்ட கொள்கலனுக்கு. மறுநாள் ஏழு மணிக்கு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்.

நான்கு பெட்டிகளைத் திறந்து பாராமலே போட்டேன். ஐந்தாவதின் அடி பிய்ந்து, பிள்ளைகளின் வரவு குறிக்கும் ஒரு வகுப்பு இடாப்பு விழுந்தது. 1918, ஒக்டோபர். பழைய ஜெர்மன் கையெழுத்து எனக்குச் சரியாக வாசிக்க வராது. ஆனால் ஒரே சொல் பெயருக்குப் பெயர் வந்ததில் எழுத்துப் பிடிபட்டது: கிறிப்பெ. அந்த ஆண்டு நாடு முழுவதும் பரவிய கொள்ளைக் காய்ச்சல். திங்களன்று இரண்டு பெயர்களுக்கு எதிரில்; வெள்ளியன்று பாதி வகுப்புக்கு. பிறகு பதினொரு நாட்கள் ஒன்றுமே இல்லை.

துப்புரவு வேலை செய்யும் அக்கா வாளியோடு வந்தார்.

"என்ன தம்பி, பூஞ்சணம் பிடிச்ச கொப்பியைத் தேவாரப் புத்தகம் மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?"

"வாத்தியாருக்கும் வந்திட்டுது போல, அக்கா. எழுத ஆளில்லை."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "பிறகு வந்தவரோ? திருப்பும் பாப்பம்."

திருப்பினேன். அதே கையெழுத்துத்தான், நடுக்கத்தோடு. மூன்று பெயர்களுக்கு முன்னால் சிலுவைக் குறி. அந்த மூன்று வரிகளிலும் பக்கத்தின் ஓரம் வரை ஒரு கோடு. எழுத்துகள் நடுங்கியிருந்தன, கோடுகள் நேராக இருந்தன. அடிமட்டம் வைத்துக் கீறியிருக்கிறார்.

அந்தப் பதினொரு நாட்களை அவர் நிரப்பவில்லை. 2021இல் கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த நான், என் நாட்குறிப்பின் வெற்றுப் பக்கங்களை மனைவியிடம் கேட்டு, மழை வெயில் உட்பட, எழுதி முடித்துவிட்டேன். இவர் தான் காணாத நாளைக் காணாததாகவே விட்டிருக்கிறார். அந்தக் கட்டங்களை விட்டு என் கண் நகரவில்லை.

"மற்றப் பெட்டியளுக்குள்ளை என்ன கிடந்தது?"

"பார்க்கேல்லை அக்கா."

"கொதிகலனுக்கு நாளுக்கு ரண்டு தரம் கணக்கு எழுதுற ஆள். இதைப் பாக்காமலே எறிஞ்சிட்டீர்."

போட்டதை அனுமதி இல்லாமல் திரும்ப எடுக்க என்னால் ஏலாது. விடுமுறையில் இருந்த தலைமையாசிரியைக்குச் செய்தி அனுப்பினேன். படுக்கப் போகும் வரை பதில் இல்லை.

மறுநாள் கண் விழித்ததும் தொலைபேசியைப் பார்த்தேன். 'எடுங்கள், நகர ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்போம்' என்று இருந்தது. தேநீர் குடிக்கவில்லை. ஆறு மணிக்கு ஏணி வைத்துக் கொள்கலனுக்குள் இறங்கி, நான்கு பெட்டிகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து முடிக்க ஆறரை தாண்டிவிட்டது. கொதிகலன் பதிவேட்டில் அன்றைய ஆறரைக்குரிய கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.