எங்கள் கேற்றைத் தாண்டிப் போன மாதா

எனக்கு வந்திருப்பது மனச்சோர்வு என்று வைத்தியர் சொன்னார். எங்கள் ஒழுங்கையில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. ஒருத்தி யோசனை கூடிப்போச்சு என்றாள். இன்னொருத்தி கண்ணூறு என்றாள். எங்கள் பகுதிச் செபக்கூட்டத்தை நடத்துகிற ரீச்சர், பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், என் கட்டிலோரம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு தீர்ப்பே சொன்னார்.

“விசுவாசம் குறைஞ்சா இப்பிடித்தான் வரும் பிள்ளை. குளிசையை விட்டிட்டு யேசுவைப் பிடியும்.”

அவருக்குச் சீனி வருத்தம். ஒரு வேளையும் தவறாமல் குளிசை போடுகிறவர். வாயைத் திறக்கத் தெம்பிருந்தால் அதை அன்றே முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். சீப்பெடுத்துத் தலை இழுக்கவும் தெம்பில்லாமல் கிடந்தேன்.

வந்தவர்களில் பாதிப் பேர் யன்னலைக் காட்டினார்கள். எங்கள் அறை யன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும். “இவ்வளவு வடிவான கடலைப் பாத்துக்கொண்டிருக்கிற உமக்கு என்ன கவலை?” கடலைப் பார்த்தால் மாறுகிற வருத்தம் என்றால் திருகோணமலையில் மனநலக் கிளினிக் எதற்கு? கவலை என்று ஒன்று இருந்தால் சொல்லியிருப்பேனே. கவலைகூட வரவில்லை என்பதுதான் என் வருத்தம். கணவர் அழுதால், அவர் அழுகிறார் என்று தெரியும். அவ்வளவுதான். செபமாலை கட்டில் தலைமாட்டு ஆணியில் தொங்கியது. கையை நீட்டினால் எட்டும். நீட்டவில்லை.

ஒக்ரோபர் பிறந்தால் எங்கள் ஒழுங்கையில் மாதாவின் சிலை, எங்கள் பேச்சில் சுருவம், வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டில் இருந்து எடுத்து, பாட்டும் மணியுமாக அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே செபமாலை சொல்லி, மறுநாள் வரை வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, வாசல் கேற்றில் பூக்கட்டி, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீரும் அவித்த கடலையும் கொடுப்பார்கள். குடிகாரன் வீட்டுக்கும் சுருவம் போகும். வருடத்தில் ஒரு நாளும் கோயிலுக்கு வராதவன் வீட்டுக்கும் போகும். நான் கலியாணம் முடித்து அந்த ஒழுங்கைக்கு வந்த பிறகு எங்கள் வீட்டை ஒருமுறையும் விட்டதில்லை.

நான் விழுந்து கிடந்த அந்த வருடம் இடப்பக்கத்து வீடு வரை வந்திருந்தது. அடுத்த முறை எங்களுடையது. அன்று மத்தியானம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். எழும்ப வேண்டும், வீடு கூட்ட வேண்டும், குவிந்து கிடக்கிற கோப்பைகளைக் கழுவ வேண்டும். ஒன்றும் ஏலவில்லை. கிடக்கிறபடி கிடக்கட்டும், அவர்கள் வந்தால் வரட்டும் என்று விட்டேன். பின்னேரம் மணிச் சத்தம் கேட்டது. பாட்டு எங்கள் கேற்றடிக்கு வந்தது. கொழுக்கி கழற்றும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பாட்டு நிற்கவில்லை. கேற்றைத் தாண்டி, வலப்பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது.

கணவர் அறை வாசலில் வந்து நின்றார். துறைமுகத்து வேலை உடுப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை.

“ரீச்சர் நேற்று வந்து கேட்டவ. உமக்குக் கரைச்சலா இருக்கும் எண்டு... நானும் ஓம் எண்டிட்டன்.”

“என்னை ஏன் கேக்கேல்லை?”

“நீர் படுத்திருந்தனீர்.”

எனக்குக் கோபம் வந்தது. காது மடல் வரை சுட்டது. இதை எழுதும்போதும் சுடுகிறது. மாதக்கணக்காக எதுவும் எட்டிப் பார்க்காத நெஞ்சுக்குள் முதலில் வந்தது அதுதான். செத்த வீட்டுக்குப் போய் நாள் கணக்காகச் செபம் சொல்லுகிறவர்கள், ஒரு மனுசி மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிற வீட்டைத் தாண்டிப் போகிறார்கள். கேட்டால் என் மேல் இரக்கமாம்!

நைற்றியோடு, விரித்த தலையோடு, செருப்பும் போடாமல் பக்கத்து வீட்டுக்குள் போனேன். செபமாலையின் மூன்றாம் தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் செபம் அறுந்தது. ஒருத்தி தன் பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். கடித்துவிடுவேன் என்று நினைத்தாளோ தெரியாது.

“என்ர வீட்டை ஏன் விட்டனீங்கள்?”

ரீச்சர்தான் பதில் சொன்னார். “பிள்ளை, உமக்குச் சுகமில்லை.”

“சுகமில்லாத வீட்டுக்குத்தானே முதல் வர வேணும்?”

“வீடும் கிடக்கிற கிடை... மாதாவை அப்பிடி ஒரு இடத்தில எப்பிடி வைக்கிறது?”

“மாட்டுக் கொட்டிலில பிள்ளை பெத்தவ ரீச்சர் அவ. என்ர வீடு அவவுக்கு ஊத்தையோ?”

நேரே போய்ச் சுருவத்தைத் தூக்கினேன். நினைத்ததைவிடப் பாரம். மாதக்கணக்காகப் படுத்திருந்த கைக்குத் தாங்கவில்லை. பின்னால் வந்திருந்த கணவர் ஓடிவந்து அடியில் கை கொடுத்தார். இருவருமாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். இது சரியில்லை, இது சரியில்லை என்று ரீச்சர் சொல்வது ஒழுங்கை வரை கேட்டது.

கூட்டத்தில் ஒருத்திதான் எங்களுக்குப் பின்னால் வந்தாள். அந்த வீட்டுக்காரி. கேற்றில் பூக்கட்டி, கடலை அவித்து வைத்திருந்தவள். அவள் வீட்டுக்கு வந்த மாதாவை நான் பறித்துக்கொண்டு போகிறேன். என்னை நாலு கேள்வி கேட்க உரிமை உள்ளவள் அவள்தான். அவளோ மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியை உருவி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்த ஊத்தைக் கோப்பைகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் துணியை விரித்தாள்.

“வையுங்கோ அக்கா. பாதியில நிக்குது, சொல்லி முடிப்பம்” என்று கூட்டாத நிலத்தில் முழங்காலில் இருந்தாள். அவளும் என் கணவரும் சொன்னார்கள். நான் கதிரையில் இருந்தேன்.

அவள் போன பிறகு மாதாவைப் பார்த்து ஏசத் தொடங்கினேன். இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தீர்கள், உங்கள் மகனிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்ல ஏலாதா, உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து என்னைக் குத்திக் குதறுகிறவர்களைக் கேட்க ஆளில்லையா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். கேட்கக் கேட்க அழுகை வந்தது. அதுவரை செபம் என்றால் நல்ல பிள்ளையாகக் கைகூப்பி, குரலைத் தாழ்த்திச் சொல்வது என்று நினைத்திருந்தேன். அன்று ஒருவரும் என்னை வாயை மூடச் சொல்லவில்லை. என் பக்கத்தில் யாரோ இருந்து முழுவதையும் கேட்டது போல இருந்தது. ஆண்டவர் இருக்கிறார் என்று எனக்குத் திரும்ப நம்பிக்கை வந்தது அப்படித்தான். இல்லாத ஆளோடு யாரும் அவ்வளவு சண்டை பிடிக்க மாட்டார்கள்.

ஆனால் சுகம் வந்துவிடவில்லை. குளிசையால் கொஞ்சம், கிளினிக்கில் கதைத்துக் கதைத்துக் கொஞ்சம், ஏசிச் செபித்துக் கொஞ்சம் என்றுதான் எழும்பினேன். வெள்ளைத் துணி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி என்னோடு கிளினிக்குக்கு வருவாள். முறைக்குக் காத்திருக்கிற வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்து, மடிக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டு, இடைக்கிடை பணிஸ் பிய்த்துத் தருவாள். ஒரு நாளாவது எனக்கு அவள் புத்தி சொன்னதில்லை. ரீச்சரோ கோயிலில் எழும்பி நின்று, எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளையை மாதா பூரணமாகச் சுகப்படுத்தினா என்று சாட்சி சொன்னார். குளிசைப் போத்தலைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைக்கவேண்டும் போல ஆத்திரம் வந்தது. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த வருடம் ஒக்ரோபருக்கு முந்திய கிழமை திரும்பவும் விழுந்தேன். வந்து வந்து போகும் என்று வைத்தியர் முதலே சொல்லியிருந்தார். அது தெரிந்திருந்தும் எனக்கு வெறுத்துப் போனது. எங்கள் முறை வந்த பின்னேரம், பூரணமாகச் சுகப்பட்ட பிள்ளையான நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தேன். கேற்றில் கட்டிய செவ்வரத்தம்பூவை எல்லாம் ஊருக்குள் திரிகிற மான் தின்றுவிட்டது, வெறும் நூல்தான் தொங்குகிறது என்று கணவர் வந்து சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மணி கேட்டது. பாட்டு கேற்றடிக்கு வந்து நின்றது. யாரோ மெதுவாக என்னவோ கதைத்தார்கள். பிறகு கொழுக்கி கழன்றது.

“அறைக்குள்ள கொண்டு வாங்கோ. அக்கா படுத்திருக்கிறா.” பக்கத்து வீட்டுக்காரியின் குரல்.

சுருவத்தை மருந்துப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ரீச்சர் தோய்க்காத உடுப்புக் குவியலைக் கையால் ஒதுக்கிவிட்டு, நோவுக் காலோடு நிலத்தில் முழங்காலில் இருந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. எனக்கும் அவர் மேல் கோபம் தீரவில்லை. அவர் செபத்தைத் தொடங்க, நான் சுவரைப் பார்த்தபடி மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். இரண்டாம் இரகசியத்தில் பத்து அருள்நிறை மந்திரம் சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்பதோடு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார்.

“ஒண்டை விட்டிட்டீங்கள் ரீச்சர்.”

நாள் முழுக்கக் கதைக்காத குரல், எனக்கே கரகரத்துக் கேட்டது. ரீச்சர் செபமாலையில் ஒரு மணி பின்னுக்குப் போனார்.

“அப்ப அதை நீர் சொல்லும் பிள்ளை.”

எழும்ப ஏலவில்லை. படுத்தபடியே சொன்னேன்.