பூஜ்யம் வராத ஒரு நாள்

மாலை லோக்கல் ரயிலில், லேடீஸ் பெட்டியில், எதிர் சீட்டு அக்கா மடியில் பையை விரித்து பீன்ஸ் நறுக்குகிறார். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அம்மாவும் ஆபீஸ் முடிந்து வரும்போது, தாம்பரத்தில் இறங்குவதற்குள் காய் நறுக்கி முடித்துவிடுவாள். முடிச்சூர் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அடுப்படிதான். ஒன்பதாம் வகுப்பில் திசைவேகம் படித்த திமிரில் ஒருநாள் சொன்னேன்: "வேகத்துக்குத் திசை தேவையில்லைம்மா, திசைவேகத்துக்குத் தேவை. கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்துட்டா சராசரி திசைவேகம் பூஜ்யம். இவ்ளோ ஓடியும் நீ எங்கயுமே போகலை."

"அப்படியா?" என்றாள். அன்று பொரியலில் உப்பே இல்லை.

அடுத்து வந்த மழையில் ரயில் நின்றுபோனது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஏழு மணிக்கு வருகிறவள் வரவில்லை, தகவலும் இல்லை. மாடிக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டே, அந்தப் பூஜ்யம் வந்துவிடட்டும் என்று வேண்டினேன். மறுநாள் காலையில்தான் வந்தாள். நனைந்த பைக்குள் நறுக்கிய பீன்ஸ் அப்படியே இருந்தது.

போன் அடிக்கிறது. மகள்.

"எங்கம்மா இருக்கே?"

"பல்லாவரம் தாண்டியாச்சுடி."

தாம்பரம் வர இன்னும் நேரமிருக்கிறது. அதற்குள் எழுந்து போய்க் கதவோரம் நிற்கிறேன். இன்றைக்கும் பூஜ்யமாகவே இருக்கட்டும்.