சுவரில் ஓடிய மெயில்

கருமத்தம்பட்டியில் ஒரு நெசவு ஆலையின் ஆபீஸில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா என்று பிளக்கில் சொருகினால் சிணுங்குகிற எதுவானாலும் என் தலையில்தான் விழும். அத்தனையிலும் எனக்குப் பிடித்தது மெயில் சர்வர். சின்னப் பெட்டிதான். ஆனால் உள்ளே வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு வரி எழுதி வைக்கும். எத்தனை மணிக்கு, யாரிடமிருந்து, யாருக்கு, சேர்ந்ததா, திரும்பியதா. கடிதத்துக்குள் என்ன இருக்கிறது என்பது அதில் வராது, கவரின் மேல் எழுதியிருப்பது மட்டும் வரும். இந்த வரிகள் சேரும் கோப்பைத்தான் லாக் என்போம்.

ஒரு சமயம் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நாங்கள் அனுப்பிய மெயில் ஒன்று போகாமல் இரண்டு நாள் சர்வரிலேயே படுத்துக் கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஆர்டர் கைநழுவிப் போனது. முதலாளி கத்தவில்லை. அவர் எப்போதுமே கத்த மாட்டார். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ சொல்லிவிட்டுக் கேட்டார்.

"தறி நின்னா செவப்பு லைட் எரியுதுங்க தம்பி. மெயில் நின்னா என்னுங்க எரியுது?"

கேள்வியில் நியாயம் இருந்தது. எங்கள் தறிக்கூடத்தில் ஒரு பெரிய பலகை உண்டு. தறிக்கு ஒரு கட்டம், ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. ஓடுகிற ஒன்றைப் பலகையில் காட்டாவிட்டால் எங்கள் பக்கத்தில் அது ஓடுவதாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நானும் அதே தண்ணீர் குடித்து வளர்ந்தவன்தான். ஆபீஸ் ஹாலில் முதலாளியின் நாற்காலிக்கு நேர் எதிர்ச் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டினேன். லாக்கில் ஒரு வரி விழுந்த அதே நொடியில் டிவியிலும் ஏறும்படி செய்தேன். சேர்ந்த மெயில் பச்சை, காத்திருப்பது மஞ்சள், திரும்பியது சிவப்பு. பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன். முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

தறிக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது. அந்த ஹாலில் உட்கார்ந்திருந்த பதினெட்டு பேருக்கும் உண்டு. இந்தச் சின்ன வித்தியாசம் என் மண்டையில் ஏறவே இல்லை. டீ நேரத்தில் ஆட்கள் டிவியை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். யாருக்கு லோன் கம்பெனியிலிருந்து வருகிறது, யாருக்குப் பெண் பார்க்கும் வெப்சைட்டிலிருந்து வருகிறது என்று கிண்டல் கிளம்பியது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. பத்தே முக்கால் மணி. என் மேஜையில் இருந்த திரையில் ஒரு மஞ்சள் வரி ஏறியது. அனுப்பிய இடம் அன்னூரில் இருக்கும் இன்னொரு ஆலை. பெறுகிறவர் எங்கள் சாம்பிள் பிரிவில் இருந்த அக்கா. அந்த அன்னூர் ஆலை எங்கள் முதலாளியின் பங்காளியுடையது. பாகம் பிரித்ததில் முறைத்துக்கொண்டு, ஒரே கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் கூட உட்காராதவர்கள். நல்ல வேளையாக முதலாளி அப்போது தறிக்கூடத்தில் இருந்தார்.

மஞ்சள் எதற்கென்று சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத சர்வரிடமிருந்து முதல் முறை ஒரு மெயில் வந்தால் எங்கள் சர்வர் அதை உடனே வாங்கிக்கொள்ளாது. கொஞ்ச நேரம் கழித்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பும். குப்பை மெயில் அனுப்புகிறவன் மறுபடி வர மெனக்கெட மாட்டான், உண்மையான ஆள் வருவான் என்பது கணக்கு. ஆகவே அந்த மெயில் கால் மணியிலோ அரை மணியிலோ திரும்ப வரும். முதல் வரியைப் புது வரிகள் தள்ளி மறைத்துவிடும், ஆனால் மெயில் மறுபடி வரும்போது மறுபடி சுவரில் ஏறும்.

சாம்பிள் பிரிவுக்குப் போனேன். அக்கா துணி வெட்டிக்கொண்டிருந்தார். அன்னூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறவர், பதினோரு வருட சர்வீஸ். குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா பாத்துப்போட்டாருங்களா?"

"இன்னும் இல்லீங்க்கா. ஆனா மறுபடி வரும்."

அப்போதுதான் முழுசாகச் சொன்னார். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. காலையில் ஊட்டிவிட்டு வந்தால் சாயங்காலம் வரை தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை. அன்னூர் ஆலை வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அங்கே வேலை கிடைத்தால் மத்தியானம் ஓடிப்போய் ஒரு வாய் ஊட்டிவிட்டு வந்துவிடலாம். அங்கே மேனேஜரை நேரில் பார்த்துப் பேசியிருக்கிறார். அந்த மேனேஜர், இங்கே வேலையில் இருப்பது உண்மைதானா என்று தெரிந்துகொள்ள ஆபீஸ் மெயில் முகவரியைத்தான் கேட்டாராம். அதற்கே பதில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

"அங்க உறுதி ஆகறதுக்குள்ள இங்க தெரிஞ்சுதுன்னா ரெண்டும் போச்சுங்க தம்பி. எப்படியாச்சு அந்த டிவியில வராம பண்ணிப்போடுங்க. சாமி சத்தியமா உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

"நான் பாத்துக்கறேங்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரிய வீரன் மாதிரிதான் சொன்னேன்.

நாற்காலியில் உட்கார்ந்தபோது முதலாளி ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தார். கூடவே திருப்பூரிலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகள். டிவிக்கு முன்னால் நிறுத்தி விளக்க ஆரம்பித்துவிட்டார். இனி அதை அணைத்தால் உடனே என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். இப்போது யோசித்தால் பத்து வழி தோன்றுகிறது. எல்லா முகவரிகளையும் மறைத்திருக்கலாம். வெறும் எண்ணிக்கையைக் காட்டியிருக்கலாம். கேபிள் கழன்றுகொண்டது என்று சொல்லியிருக்கலாம். அப்போது கடிகாரம் மட்டும்தான் தெரிந்தது. பதினொன்று ஐந்து. டிவிக்குப் போகும் வரிகளில் அன்னூர் ஆலையின் முகவரி வந்தால் அதற்குப் பதில் நட்சத்திரக் குறிகளைப் போடும்படி ஒற்றை வரிக் கட்டளை எழுதினேன். ஓட விட்டேன். மூச்சு வந்தது.

பதினொன்று பத்துக்கு மெயில் வந்தது. அன்னூர் ஆலைக்கு மெயில் அனுப்பித் தரும் கம்பெனி இந்த முறை தன்னுடைய வேறொரு சர்வரிலிருந்து அனுப்பியிருந்தது. என் சர்வருக்கு அதுவும் புது ஆள். மறுபடி காத்திருக்கச் சொல்லி மஞ்சள் வரி போட்டது.

அந்த வரியைப் பார்த்ததும் என் தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. சுவரில் முப்பது வரிகள். எல்லாவற்றிலும் முகவரிகள் பளிச்சென்று இருக்கின்றன. ஒரே ஒரு வரியில் மட்டும் அனுப்பியவர் இடத்தில் நட்சத்திரங்கள். அதற்கு நேராக, பெறுகிறவர் இடத்தில், அக்காவின் பெயர் முழுசாக. மறைக்க வேண்டிய ஊரை மறைத்த நான் அக்காவின் பெயரை அப்படியே விட்டிருந்தேன். சும்மா விட்டிருந்தால் ஆயிரம் வரிகளில் ஒன்றாக ஓடிப் போயிருக்கும். இப்போது ஊரே அதைத்தான் பார்க்கும்.

பார்த்தது. டிஸ்பாட்ச் மேனேஜருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க, நம்ம அக்காவுக்கு யாரோ பேரு சொல்லாம லெட்டர் போடறாங்களாட்ட இருக்குதுங்க!"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை. ஒரு பெண்ணின் பெயரும் மறைக்கப்பட்ட இன்னொரு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எங்கள் ஊரில் அடுத்து என்ன நினைப்பார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விருந்தாளிகள்கூட இளித்தார்கள். சிரிப்பைக் கேட்டுத் தலை நீட்டிய சாம்பிள் பிரிவுப் பெண்களின் பின்னால் அக்கா வந்து நின்றார். திரையைப் படித்தார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "என்னுங்க தம்பி அது?"

"ஏதோ கோளாறுங்கய்யா. பாக்கறேனுங்க."

"கோளாறு அந்த அம்மணி பேருக்கு மட்டும் எப்படிங்க வரும்?"

உண்மையைச் சொன்னால் அக்காவின் வேலை போகும். சொல்லாவிட்டால் மானம் போகும். நான்தான் மறைத்தேன், அவருக்கு அதில் பங்கில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். கீபோர்டைப் பார்த்துக்கொண்டு எதையோ தட்டினேன். பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. யாரோ மறுபடி சிரித்தார்கள்.

"நானே சொல்லிப்போடறேனுங்க" என்றார் அக்கா. "அது அன்னூர் மில்லுங்க. வேலைக்குக் கேட்டிருக்கறேனுங்க. ஊட்டுக்காரரப் பாத்துக்க ஆள் இல்லீங்க. வேற ஒண்ணுமில்லீங்க. இதுக்கு மேல யாரும் சிரிக்க வேண்டாமுங்க."

முதலாளி தன் செருப்பைப் பார்த்தார். பிறகு, எப்போதும் போல மரியாதையாகத்தான் சொன்னார்.

"நல்லதுங்க அம்மணி. சந்தோசமாப் போயிட்டு வாங்க. இன்னைக்கே போயிட்டு வாங்க."

அவர் திட்டியிருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்து எனக்கு உத்தரவு. "தம்பி, அம்மணியோட மெயிலை மூடிப்போடுங்க. அந்த ஸ்டாரையும் எடுத்துப்போடுங்க."

விரல் நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. இரண்டு நிமிட வேலை. செய்து முடித்தேன். அக்கா டிபன் கேரியரையும் குடையையும் எடுத்துக்கொண்டு ஹால் வழியாகப் போனார். என் மேஜையைக் கடக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டே காலுக்கு அந்த மெயில் மூன்றாவது முறை வந்தது. வந்தது முன்பு வந்த அதே சர்வரிலிருந்து. என் சர்வர் இப்போது அதை அடையாளம் கண்டுகொண்டு வாங்கத் தயாராக இருந்தது. ஆனால் வாங்கி வைக்கப் பெட்டி இல்லை. வரி சிவப்பாக ஏறியது. அன்னூர் ஆலையின் முகவரி முழுசாகத் தெரிந்தது, அக்காவின் பெயர் தெரிந்தது, கடைசியில் என் சர்வர் தானாக எழுதிய காரணமும் தெரிந்தது. அப்படி ஒருவர் இங்கே இல்லை. முதலாளி அதைப் பார்த்தார். மோர் குடித்துவிட்டு விருந்தாளிகளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்குத்தான் தெரியும், அந்த ஒரு வாக்கியம் திரும்பிய மெயிலோடு இந்நேரம் அன்னூருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று. பைக்கை எடுத்துக்கொண்டு அவிநாசி ரோட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அக்கா பஸ் ஏறிவிட்டிருந்தார். போன் செய்து, மெயில் திரும்பிப் போனதைச் சொன்னேன். "மெயில்ல என்ன எழுதியிருந்துதுங்க தம்பி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். வந்தது, திரும்பியது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவர்களிடமே கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். அழுதிருந்தார் என்பது தெரிந்தது.

"அங்க அப்படி ஒரு ஆளே இல்லைன்னு பதில் வந்துதாமுங்க. பதினோரு வருசம் வேலை பாத்தேன்னு பொய் சொல்லிப்போட்டீங்களே அம்மணின்னு கேக்கறாருங்க அந்த மேனேஜர். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. நீங்க அந்த ஆபீஸ்ல இருக்கறவரு. ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. அது போதும்."

மேனேஜரின் நம்பரைக் கொடுத்தார். நான் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கூப்பிட்டேன். அந்த அம்மா பதினோரு வருடம் இங்கே வேலை பார்த்தது சத்தியமான உண்மை, மெயில் திரும்பியது இன்று காலைதான் கணக்கை மூடியதால் என்று படபடவென்று சொன்னேன். எதிர்ப்பக்கம் பொறுமையாகக் கேட்டார்கள்.

"சரிங்க. நீங்க யாருங்க பேசறது?"

பங்காளிகள் பேசிக்கொள்ள மாட்டார்களே தவிர, அவர்களின் மேனேஜர்கள் பேசிக்கொள்வார்கள். என் பெயர் சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்கு வந்துவிடும். எனக்கு வீட்டு லோன் இருந்தது. எனக்கும் ஒரு வேலைதான் இருந்தது.

"இங்க வேலை பாக்கறவன்தானுங்க" என்றேன்.

"பேரு சொல்லாதவங்க பேச்சை வெச்சு நான் எப்படிங்க ஆள் எடுக்கறது?"

அப்போதும் நான் பெயரைச் சொல்லவில்லை. அவர் போனை வைத்துவிட்டார். அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள் என்று அடுத்த மாதம் கேள்விப்பட்டேன்.

அன்று ஜெனரேட்டர் ரூமை விட்டு நான் நகர்வதற்குள்ளேயே வாட்ஸ்அப்பில் அக்காவின் செய்தி வந்தது. பேசினீங்களா தம்பி என்று கேட்டிருந்தார். பேசினேங்க்கா என்று போட்டேன்.

நல்லா இருக்கோணுங்க தம்பி என்று பதில் வந்தது.