கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

போச்சம்பள்ளி போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் அந்த வெல்டர் அண்ணன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முன்கையெல்லாம் வெல்டிங் பொறி பட்ட வடுக்கள், கக்கத்தில் ஒரு நோட்டு. அடுத்த ஆண்டு முதல் ஐந்தாம் வகுப்பிலேயே பொதுத்தேர்வு, தேறாத பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு கிடையாது என்று வரவிருந்த சட்டத்தை எதிர்த்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினார். கையெழுத்து விழுந்ததும், பெயரைக் கேட்பதற்கு முன்பே, "கொழந்த எத்தனாவது?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்.

நான் தினமும், "நாளைக்குப் போடறேண்ணா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். மக்களவையில் மசோதா நிறைவேறிய மறுநாளும் வந்தார். "மேல்சபை பாக்கி இருக்குதுங்க சார்."

அங்கேயும் நிறைவேறியது. அன்று சாயங்காலமும் நோட்டை நீட்டினார். எனக்கு எரிச்சல் வந்தது.

"இனி எதுக்குண்ணா? அதான் முடிஞ்சு போச்சே!"

"தெரியுங்க சார். நாளைக்கி எம்பொண்ணு பெயிலாயி வந்து நின்னா, இத்தன பேரு வேணாம்னு சொன்னோம்னு காட்டணுமில்ல."

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"கொழந்த எத்தனாவதுங்க?"

"பையன். நாலாவது."

அவர் பேனா நின்றது. "அடடா, மொத பரீட்சையே அவனுக்குத்தானா" என்று என் தோளில் கை வைத்தார். நான் இறங்கும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.