நிறைந்துபோன முதலாம் வகுப்பு

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் ஓர் அரசாங்கப் பாடசாலை இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தேன். மகளையும் அங்கே சேர்க்க நினைத்தேன். பாசத்தால் இல்லை. வேறு வழியில்லை.

மெயின் ரோட்டுப் பெரிய பாடசாலையில் வீட்டு உறுதிப் பத்திரம் கேட்பார்கள். நாங்கள் இருப்பது வாய்ப்பேச்சில் வாடகைக்கு எடுத்த அறை. அதை விட்டால் தெமட்டகொடைப் பக்கம் போக வேண்டும். மனைவி விடியவே வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போய்விடுவாள். நான் ஓட்டோ ஓட்டுகிறேன். மகளைத் தெமட்டகொடையில் இறக்கிவிட்டு வந்தால் காலையில் கிடைக்கும் ஹயர் சவாரி போய்விடும். எங்கள் அடுப்பு எரிவது அந்த ஹயரில்தான்.

பாடசாலைக்கு வரலாறு உண்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பெரியவர்கள் வந்து திறந்து வைத்தார்கள். தங்கள் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்த்தார்கள். கலவரத்தின்போது அது அகதி முகாம். தேர்தல் வந்தால் வாக்குச் சாவடி. வெள்ளம் வந்தால் மறுபடி முகாம். கொரோனாவில் ஊசி போடும் இடம். இடையில் நேரம் கிடைத்தபோது பாடமும் நடந்தது. மாடிக் கட்டடத்துக்கு என்று ஒரு மந்திரி அடிக்கல் நாட்டினார். கல் இன்னும் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் நாங்கள் மத்தியானச் சோறு சாப்பிட்டோம்.

இந்த வருடம் முதலாம் வகுப்பு தொடங்கியபோது மகளுக்கு டெங்கு. அதிபர் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன்.

“ஆறுதலா கூட்டிக்கொண்டு வாங்க தம்பி,” என்றார். “இங்க இடத்துக்கா பஞ்சம்?”

பஞ்சம் பிள்ளைகளுக்குத்தான். முதலாம் வகுப்பில் ஐந்து பேர் இருந்தார்கள்.

மகள் எழும்பி நடக்கத் தொடங்கிய வாரம் கதை வந்தது. பிள்ளைகள் போதாது, பாடசாலையை மூடப் போகிறார்களாம். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து பார்க்க வருவார்களாம். உடனே பழைய மாணவர் சங்கம் கூடியது. அப்படி ஒரு சங்கம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். நானும் பழைய மாணவன்தான். என்னைக் கூப்பிட்டது கதிரை ஏற்றி இறக்க.

தலைவர் வெள்ளவத்தையில் இருப்பவர். சின்ன வயதில் இங்கே படித்தாராம். “இந்தப் பள்ளிக்கூடம் எங்கட தாய்,” என்றார். கண் கலங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்து மீன் விற்கிற அக்கா ஒருத்தி கேட்டாள். “உங்கட புள்ளைங்க எங்க சேர் படிக்கிறாங்க?”

“அவை இன்டர்நெஷனல் ஸ்கூல். அது வேற விஷயம்.”

“அப்ப தாயைப் பார்க்க நாங்கதான் வரணும்,” என்றாள் அக்கா.

தலைவர் அதைக் காதில் போடவில்லை. அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. இந்த நாட்டில் எல்லாப் பாடசாலைக்கும் வெள்ளைச் சீருடைதான். வித்தியாசம் டையில் மட்டும். கோயில் அறநெறி வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். பார்க்க வருகிற அன்று அவர்களைக் கொண்டுவந்து இருத்தினால் போதும். முக்கியமாக முதலாம் வகுப்பை நிரப்ப வேண்டும். டை அவர் செலவு. குடிக்கப் பால் பக்கெட்டும் தின்னப் பெட்டிஸும் அவர் செலவு.

“ஐசே, உம்மட ஓட்டோ இருக்குத்தானே?” என்றார் என்னிடம்.

இருந்தது.

அதிபர் மிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தார். பாடசாலை மூடினால் அவரைத் தூரத்துக்கு மாற்றிவிடுவார்கள். நான் அவரிடம் மெல்லக் கேட்டேன். “மிஸ், அன்றைக்கே என்ட மகளையும் கொண்டுவந்து இருத்தட்டுமா?”

“அவ உண்மையாச் சேர வேண்டிய பிள்ளை தம்பி. பொய்யில இழுக்க வேணாம். அவங்க பார்த்துப் போன பிறகு, திங்கக்கிழமை கொண்டு வாங்க.”

நியாயமாகப் பட்டது.

அந்த நாள் காலையில் ஒழுங்கை ஒழுங்கையாகப் பிள்ளைகளை ஏற்றினேன். பொலிஸ்காரன் நிறுத்தவில்லை. வெள்ளைச் சீருடையும் திருநீறும் பார்த்து ஒதுங்கி நின்றான். அன்று மற்றப் பாடசாலைகளில் வரவு குறைந்திருக்கும். அடுத்ததாக அவற்றை மூடப் பார்ப்பார்களோ என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்புக்கு என்று வந்த ஒருவனுக்கு மீசை அரும்பியிருந்தது. அவனைக் கடைசி வரிசை வாங்கில் குனிந்திருக்கச் சொன்னார்கள்.

பணிமனை மேடம் பத்து மணிக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நான் வாசலில் தண்ணீர்ப் போத்தல்களோடு நின்றேன். அவர் முதலாம் வகுப்புக்குள் கால் வைத்ததும் அறநெறிப் பிள்ளைகள் எழுந்து கைகூப்பித் தேவாரம் பாடத் தொடங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது பெரியவர் வந்தால் அப்படித்தான் செய்வார்கள். பாடசாலையின் சொந்தப் பிள்ளைகள் ஐந்து பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் இருவர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளைகள்.

தலைவருக்கு வியர்த்தது. மேடம் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்த பிறகு அந்த ஐந்து பேரையும் காட்டினார்.

“இவை ஏன் பாடேல்லை? புதுசா வந்தவையோ?”

“ஓம் மேடம்,” என்றார் தலைவர். “இப்பதான் பழகினம்.”

மேடத்துக்கு நல்ல திருப்தி. “இதை ஏன் மூட வேணும்? பிள்ளையள் நிறைய இருக்கினம், ஒழுக்கமாயும் இருக்கினம். ஆனா ஒண்டு. முதலாம் வகுப்பு நிரம்பி வழியுது. இனி ஒருத்தரையும் எடுக்காதேங்கோ. நெருக்கடியில படிப்பிக்கேலாது.”

அதிபர் மிஸ் தலையாட்டினார். வேறென்ன செய்வது? மேடம் அதை எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டுப் போனார். சங்கம் கை தட்டியது. தலைவர் எனக்கும் ஒரு பெட்டிஸ் தந்தார்.

திங்கட்கிழமை மகளுக்குத் தலை இழுத்துக் கட்டிக் கூட்டிப் போனேன். முதலாம் வகுப்பில் ஐந்து பேர் இருந்தார்கள். மிச்ச வாங்கெல்லாம் காலி.

“இடமில்ல தம்பி,” என்றார் மிஸ்.

நான் வாங்குகளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“சேர்த்தா மேடம் கேப்பா. இடம் இருக்கு எண்டு சொன்னா, அண்டைக்கு இருந்த புள்ளைகள் எங்க எண்டு கேப்பா. பிறகு பள்ளிக்கூடமே இல்ல.”

தலைவருக்குப் போன் எடுத்தேன். “நல்ல சந்தோஷம்தானே ஐசே,” என்றார். “எங்கட பள்ளிக்கூடத்தில இடம் கிடைக்கிறது இப்ப கஷ்டமாப் போச்சு.” கேலி இல்லை. பெருமையாகவே சொன்னார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“ஊர்ப் புள்ளைகளை எல்லாம் நீங்களே ஏத்திக்கொண்டு போய் இருத்தியிருக்கீங்க. பெத்த புள்ளைக்கு ஒரு வாங்கு பிடிக்கத் தெரியல.”

 

அடுத்த நாள் மகளை மறுபடி கூட்டிப் போனேன். மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் எழுதினார். நான் நின்றேன். மணி அடித்தது. நான் நின்றேன். கடைசியில் பேனையை வைத்தார்.

“இருக்கட்டும். இருந்து படிக்கட்டும். பேர் பதிய மாட்டன். யாரும் பார்க்க வந்தா அறநெறிப் பிள்ளை, சும்மா வந்து இருக்கு எண்டு சொல்லுவன். சரியா?”

“சரி மிஸ்.”

பொய்யாக வந்த பிள்ளைகள் மேடத்தின் கணக்கில் உண்மையாகச் சேர்ந்துவிட்டார்கள். உண்மையாக வந்தவள் சும்மா இருக்கிறாள். ஆனால் முதல் வரிசை. ஆனா ஆவன்னா எழுதுகிறாள். காலை ஹயரும் ஓடுகிறது.

போன வாரம் ஓட்டோவில் பின்னாலிருந்து கேட்டாள். “அப்பா, டீச்சர் எல்லார்ட பேரும் கூப்பிடுறா. என்ட பேர் மட்டும் கூப்பிடுறதில்ல. ஏன்?”

“நீ ஒரு நாளும் வீட்டில நிக்காமப் போற புள்ள. கூப்பிட்டுப் பார்க்கத் தேவையில்ல.”

நம்பிவிட்டாள். இன்று காய்ச்சல் காய்கிறது. படு என்றால் கேட்கிறாள் இல்லை. புத்தகப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு கதவடியில் நிற்கிறாள்.