பஞ்சுவின் பின்னங்கால்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம், பெரிய தீபம் முடிந்த அடுத்த வாரம் அது. செம்பாக்கம் ஏரி நிரம்பி, எங்கள் தெரு முழுக்க ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் மாடியில் நின்றால் ஏரி எது, பனி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நடுவில் நீர்க்காகங்கள் மட்டும் கறுப்புப் புள்ளிகளாய் மிதக்கும். முதல் மழை எந்தக் கிழமை, ஏரி எந்த வாரம் நிரம்பியது என்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பது என் வழக்கம். அந்த மழைக்காலத்தை மட்டும் பஞ்சுவின் காலை வைத்துத்தான் நினைவு வைத்திருக்கிறேன்.

பஞ்சு எங்கள் நாய். ஆடி மாதம் கைக்குள் அடங்கும் குட்டியாக வந்தது. வெள்ளை வெளேரென்று, தொட்டால் விரல் புதையும் அளவுக்கு முடி. எங்கள் நாய் என்றால் எனக்கும் கீழ்வீட்டு அக்காவுக்கும் பொது என்று அர்த்தம். அவர்தான் வீட்டுக்கார அம்மாள். நான் மாடியில் தனியாக வாடகைக்கு இருப்பவள். காலையில் நான் அலுவலகம் கிளம்பும்போது பஞ்சு கீழே இறங்கிப் போய்விடும். நான் திரும்பும் வரை அதற்குச் சோறும் தூக்கமும் அக்கா வீட்டில்தான்.

ஐப்பசியில் அதன் பின்னங்காலில், மூட்டுக்குச் சற்று மேலே, சிறு புண் ஒன்று தெரிந்தது. எங்கேயோ கம்பி கிழித்திருக்கும் என்று நினைத்தோம். தாம்பரத்தில் எனக்கு நெடுநாள் பழக்கமான கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இதற்கு முன் நான் வளர்த்த நாயைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட நல்ல மனிதர் அவர். ஊசி போட்டார், களிம்பு கொடுத்தார், புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டிவிட்டார். புண் ஆறுவது போல வரும். மேலே பொருக்குத் தட்டும். நாலு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் வாய் திறந்திருக்கும். கால் வீங்கிக்கொண்டே வந்தது. கடைசியாகப் போனபோது அவர், கிருமி எலும்பு வரை போயிருக்கலாம், மார்கழிக்குள் ஆறாவிட்டால் காலை எடுப்பதுதான் உயிருக்கு நல்லது என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"ஒருத்தர் சொன்னா உடனே எடுத்துடுவியா? எனக்குக் கர்ப்பப்பைய எடுக்கணும்னு ஒரு டாக்டர் சொன்னாரு. இன்னொரு எடத்துல போய்க் காட்டினேன். வருஷம் எத்தினி ஆச்சு, இன்னும் என்கிட்டதான் கீது."

எனக்குத் தயக்கம். இத்தனை நாள் பார்த்தவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் போவது துரோகம் போல இருந்தது. அக்காவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. யாரிடமோ விசாரித்து, கீழ்க்கட்டளையில் ஒரு டாக்டரம்மா இருப்பதாகத் தெரிந்துகொண்டு, அடுத்த சனிக்கிழமையே ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். டிரைவர் பஞ்சுவைப் பார்த்ததும் வண்டியை அணைத்தார்.

"கடிக்குமாக்கா?"

"நீ கடிக்காம இருந்தா அதுவும் கடிக்காது. ஓட்டுப்பா."

மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலை அது. மேடவாக்கம் தாண்டும்போது சாலையோரத்து நீரில் கட்டடங்கள் தலைகீழாய் நின்றன. அக்காவின் மடியில் தலைவைத்துப் பஞ்சு அரைக்கண்ணால் அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தது. எனக்கு அந்தப் பயணம் முடியாமலே போனால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. போய்ச் சேர்ந்தால் இந்த டாக்டரும் அதையே சொல்லிவிடலாம் அல்லவா?

டாக்டரம்மா புண்ணை முதலில் பார்க்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து, பஞ்சு தன் கையை முகர்ந்து முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு நல்ல கால்கள் மூன்றையும் ஒவ்வொன்றாக விரல்களால் வளைத்துத் தடவினார். நான்காவது காலுக்கு வந்ததும் கை மெதுவானது. கண்ணை மூடிக்கொண்டு, முன்பக்கம், பக்கவாட்டில், பின்பக்கம் என்று சுற்றி வந்தார்.

"புண்ணு முன்னாடி மட்டும் இல்லம்மா. கால சுத்தி ஒரு பள்ளம் போகுது. முடிய எடுத்துப் பார்ப்போம்."

லேசாக மயங்க ஒரு ஊசி போட்டார். பஞ்சுவின் கண்கள் சொருகின. முடி வழிக்கும் இயந்திரம் ஒரு வண்டு போல முரலத் தொடங்கியது. வெள்ளை முடி கொத்துக் கொத்தாகக் கழன்று, மின்விசிறிக் காற்றில் எழும்பி, அறை முழுக்க மெல்ல அலைந்தது. அக்காவின் புடவையில், என் கைப்பையில், டாக்டரம்மாவின் புருவத்தில்கூட வந்து உட்கார்ந்தது. யாரும் தட்டிவிடவில்லை.

முடி போனதும் கால் தெரிந்தது. யாரோ இறுக்கிப் பிடித்தது போல ஒரு கோடு, காலைச் சுற்றி முழு வட்டமாக ஓடியது. டாக்டரம்மா இடுக்கியை அந்தக் கோட்டுக்குள் விட்டு, எதையோ பிடித்து, மிக மெதுவாக இழுத்தார். கறுப்பாக ஒரு நூல் நுனி வந்தது.

அக்காவின் கை பஞ்சுவின் தலைமேல் அப்படியே நின்றுவிட்டது.

"நான்தான் கட்டினேன்" என்றார்.

குட்டியாக இருந்தபோது தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம் நின்று கொஞ்சிவிட்டுப் போனார்களாம். கண் பட்டுவிடும் என்று, ஆடி வெள்ளியன்று கோயிலில் வாங்கிய கறுப்புக் கயிற்றைக் காலில் கட்டியிருக்கிறார். கைக்குழந்தைகளுக்குக் கட்டுவது போலத்தான், தளர்வாகவே. நான் அலுவலகத்தில் இருந்த நேரம். முடி அடர்ந்து வளர்ந்து மூடிக்கொண்டதும், அறுந்து விழுந்திருக்கும் என்று அவரும் மறந்துவிட்டார். கயிறு அறுந்து விழவில்லை. கால் பருத்தது, கயிறு பருக்கவில்லை. தோலையே அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது.

இதையெல்லாம் அக்கா ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டரம்மா நிமிரவில்லை. குரலும் மாறவில்லை.

"நல்லதாப் போச்சு, கட்டினவங்களே கூட வந்திருக்கீங்க. முடிச்சு எந்தப் பக்கம் போட்டீங்கக்கா?"

அக்கா சற்று யோசித்து, காலின் உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அப்போ கால இப்படியே ஆடாமப் பிடிச்சுக்கங்க. அங்கேதான் வெட்டணும்."

அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கயிறு முழுதாக வெளியே வரும் வரை அந்தப் பிடி தளரவில்லை.

முதல் மருத்துவரின் மருந்துச் சீட்டைத் தயங்கித் தயங்கி நீட்டினேன். மருந்தெல்லாம் சரிதான், கயிறு உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தும் கேட்காது என்று மட்டும் டாக்டரம்மா சொன்னார். கால் பிழைத்துவிடும் என்றும் சொன்னார்.

திரும்பும்போது மழை வலுத்துவிட்டது. ஆட்டோவின் இரண்டு பக்கமும் திரையை இறக்கியதும் நாங்கள் ஏதோ ஒரு கூண்டுக்குள் நீருக்கடியில் போவது போல இருந்தது. மயக்கம் தெளியாத பஞ்சு எங்கள் இருவர் மடியிலும் நீட்டிப் படுத்து, கனவில் ஓடுவது போலக் கால்களை அசைத்தது. நாலு கால்களையும். அக்கா திரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் நான் விடுப்பெடுத்து வீட்டிலிருந்தேன். அக்கா மாடிக்கு வரவில்லை. வாசலில் எதிர்ப்பட்டால் பஞ்சுவைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். நாயை இனி அவரிடம் விடமாட்டேன் என்று நான் முடிவு செய்துவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், நானும் அப்படி ஒரு முடிவின் பக்கத்தில்தான் இருந்தேன்.

இடையில் தாம்பரம் மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். "நான் புண்ணையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேம்மா" என்றார். கயிற்றைக் காட்ட முடியுமா என்று கேட்டார். டாக்டரம்மா அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்றும் விசாரித்தார். அடுத்த முறை தனக்கு உதவும் என்ற ஆர்வத்தில்தான்.

விடுப்பு முடிந்த திங்கட்கிழமை, மார்கழிப் பனி இறங்கியிருந்தது. பஞ்சுவைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி, அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் திறந்தார். நான் வாய் திறப்பதற்குள் பஞ்சு எங்கள் இருவருக்கும் நடுவே நுழைந்து, கொஞ்சம் நொண்டியபடி உள்ளே போய், தையல் மிஷினுக்கு அடியில் சுருண்டு படுத்துவிட்டது. "ஆபீசுக்கு நேரமாகலையா உனக்கு?" என்றார் அக்கா.

கால் ஆறி, முடியும் வளர்ந்துவிட்டது. அக்கா இப்போது சோறு வைக்கும் முன் அதன் நாலு கால்களையும் கழுத்தையும் விரலால் சுற்றித் தடவிப் பார்க்கிறார். அது முடிகிற வரைக்கும் பஞ்சு பொறுமையாக நிற்கிறது. யாரையாவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்று மனம் நிச்சயமாகச் சொல்லும்போதெல்லாம், அவர்கள் இதற்குள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள், நான் என்றோ கட்டியது எங்காவது இறுகுகிறதா என்று ஒரு கணம் நின்று பார்க்கத் தோன்றுகிறது எனக்கு.